கோமதித்தாயின் நாற்பது பெட்டிகள்

பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை. காற்று இல்லை. விடிகாலைப் பனி கரிசல் மண்ணின்மேல் சாம்பலைத் தூவியதுபோலப் படிந்திருந்தது. கோமதித்தாய் பதினேழாம் பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து, அதைத் தொடுவதற்கு முன்பே முகர்ந்து பார்க்கிறார். மூக்கை அலுமினியக் கதவின் இடுக்குக்கு அருகே கொண்டுபோய் இரண்டு முறை மூச்சை இழுக்கிறார். "மூஞ்சூறு இல்ல சார். வெள்ளெலி. பொம்பள," என்கிறார். துணிப்பையின் வாயைக் கதவோடு பொருத்திப் பெட்டியைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டியதும் பைக்குள் ஒரு பாரம் விழுகிறது. துணிக்கு மேலாகவே பிடரியைத் தேடிப் பிடித்து, விலங்கின் வயிற்றைத் திருப்பிப் பார்க்கிறார். "சொன்னேம்லா."

பையைத் தொங்கு தராசின் கொக்கியில் மாட்டித் தூக்கும்போது அவர் கண் பார்க்குமுன்பே கை சொல்லிவிடுகிறது. நூற்றுப் பத்து கிராம் இருக்கும் என்றார். முள் அதைவிடச் சற்றே கூடுதலாகக் காட்டியது. பையின் எடையைக் கழிக்க வேண்டும் என்று நினைவூட்ட வாயெடுத்தேன். அதையும் கழித்துத்தான் சொல்லியிருந்தார்.

சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் செல்லும் சாலையில், இரண்டு ஆண்டுகளாக விதைக்கப்படாத மானாவாரித் தரிசு இது. நிலத்துக்கு உரிய விவசாயியான ஆறுமுகச்சாமி என்னும் சம்சாரி, எலிகளை எண்ணுவதற்குக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், எண்ணிவிட்டு அவற்றைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவதாக இருந்தால் நிலத்தைத் தாராளமாகத் தருவதாகச் சொன்னாராம். அந்தப் பெண் தேன்மொழி, என் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஆய்வு மாணவி, நாமக்கல் பக்கத்துக்காரர். எலி, மூஞ்சூறு, முள்ளெலி போன்ற சிறு பாலூட்டிகளைக் கணக்கெடுக்கும் இரண்டு முறைகளில் எது நம்பத்தக்கது என்பது அவருடைய ஆய்வு. ஒன்று, ஊறு நேராமல் உயிரோடு பிடிக்கும் பெட்டிப் பொறி. மற்றொன்று, எதிரே ஓர் உயிர் அசைந்தால் தானாகவே படம் எடுத்துக்கொள்ளும் கேமரா. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, ஒவ்வொரு மாதமும் முதல் பத்து இரவுகளில், ஒரே நிலத்தில் இரண்டும் போட்டியிட்டன. நாற்பது பெட்டிகளும் கோமதித்தாயின் பொறுப்பு. எட்டுக் கேமராக்கள் மாரிராஜின் பொறுப்பு.

மாரிராஜுக்கு முப்பது வயது இருக்கும். நகரில் நகைக்கடைகளுக்கும் பலசரக்குக் கடைகளுக்கும் கண்காணிப்புக் கேமரா பொருத்துபவர். எலிக்குக் கேமரா பொருத்துவது தம் தொழிலுக்கு இழுக்கு என்று முதல் மாதம் கருதியவர், இரண்டாம் மாதத்திலிருந்து கடைக்காரர்களிடம் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

கோமதித்தாய்க்கு நாற்பத்து நான்கு வயது. கணவர் விசைத்தறியில் வேலை செய்கிறார். மகள் காவியா திருநெல்வேலியில் செவிலியர் படிப்புப் படிக்கிறாள். பதினான்கு ஆண்டுகள் சங்கரன்கோவில் பூச்சந்தையில் மல்லிகையும் பிச்சியும் எடை போட்டுக் கட்டியவர் இவர். அந்தக் கைதான் இப்போது எலியை நிறுக்கிறது. பூவை விட்டு இதற்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "பூவு பறிச்ச ஒடனே செத்துப்போச்சு சார். அதுக்குப் பெறகு வாடாம பாத்துக்கிடணும், அவ்வளவுதான். இது கையில புடிச்சா நெஞ்சு படபடன்னு அடிக்கி," என்றார். இன்னொரு காரணத்தை அவர் சொல்லவில்லை; நான் பார்த்தேன். குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பதிவு செய்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவர், அந்தக் கட்டத்தில் மட்டும் பேனாவை மாற்றிக்கொண்டு, நீல மையில், 'பெ. கோமதித்தாய்' என்று எழுதுகிறார். எழுத்து வரியைத் தாண்டுவதில்லை.

இரையைச் செய்பவரும் அவரே. வறுத்த வேர்க்கடலையை இடித்து, கருப்பட்டியும் கருவாட்டுத் தூளும் சேர்த்து, நாவற்பழ அளவில் உருட்டுகிறார். ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டுமானால் பெட்டிக்கும் கேமராவுக்கும் ஒரே இரை இருக்க வேண்டும் என்பது தேன்மொழியின் கட்டளை. ஆகவே மாலை ஐந்து மணிக்கு மாரிராஜ் கை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"எக்கா, நம்ம ஆளுகளுக்கு எட்டு உருண்ட."

"ஒன் ஆளு தூங்கவும் மாட்டான், திங்கவும் மாட்டாம்னு நேத்து சொன்னியேலே. பெறகு எதுக்கு உருண்ட?"

"கேமரா திங்காதுக்கா. கேமராவப் பாக்க வாரவன் திம்பாம்லா."

இந்த வாய்ச்சண்டை ஐந்து மாதம் நடந்தது. மாரிராஜின் கட்சி எளிமையானது: கேமரா ஒருவரையும் சிறைப்படுத்துவதில்லை, விடியுமுன் எழுந்திருக்க வேண்டியதில்லை, முள்ளெலியைக் காட்டியது கேமராதான். அது உண்மை. ஐந்து மாதத்தில் ஒரு முள்ளெலிகூடப் பெட்டிக்குள் நுழையவில்லை. கேமராவில் ஒன்பது முறை வந்து, இரையை முகர்ந்து, ஒரு தடவை பந்தாகச் சுருண்டும் காட்டியது. அந்தக் காட்சியைக் கோமதித்தாய் மாரிராஜின் கைபேசியில் மறுபடி மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். தோற்றுப்போன முகம் அவருக்கு அப்போது இல்லை.

ஆனால் அவருக்கும் ஒரு கட்சி உண்டு. "ஏலே மாரி, ஒன் கேமராவுக்கு முதுகுதான தெரியும். வயிறு தெரியுமா?" இரண்டு வகைச் சுண்டெலிகள் அந்த நிலத்தில் இருக்கின்றன. முதுகைப் பார்த்தால் அண்ணன் தம்பி. திருப்பிப் பார்த்தால் ஒன்றின் வயிறு வெண்மை, மற்றொன்றுக்கு மங்கல். கேமராவின் கருப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒன்றே. மேலும் ஒரு வெள்ளெலி இருக்கிறது, இடக்காது கிழிந்தது. கடலை உருண்டையின் சுவை கண்டுவிட்டு, டிசம்பர் மாதத்தில் பத்து இரவுகளில் ஏழு இரவுகள் தானாகவே வந்து பெட்டிக்குள் படுத்துக்கொண்டது. பூச்சந்தைப் பழக்கத்தில் கோமதித்தாய் அதற்கு வைத்த பெயர் 'வாடிக்கை'. "ஏட்டி, ஒனக்கு வீடு வாசல் கெடையாதா? தெனமும் இங்கனதானா?" என்று ஏசிக்கொண்டேதான் அதை விடுவிப்பார். ஒரு முறை பிடித்த விலங்குக்குப் பின்புறத்தில் சிறிது மயிரைக் கத்தரித்து அடையாளமிடுவது முறை. ஆகையால் பெட்டியின் கணக்கில் வாடிக்கை ஓர் எலி. கேமராவின் கணக்கில் அவள் எத்தனை எலி என்று மாரிராஜுக்கே தெரியாது.

கோமதித்தாயின் கவலை மூஞ்சூறுகளைப் பற்றியது. மூஞ்சூறு பசி தாங்காது. சில மணி நேரம் உணவில்லாமல் அடைபட்டால் இறந்துவிடும். இதற்காகவே, ஆறு மணிக்குத் தொடங்குவதாக இருந்த வேலையை நாலரை மணிக்கு மாற்றச் சொல்லித் தேன்மொழியிடம் வாதாடி வென்றவர் அவர். அப்படியும் மூன்று இறந்தன. மூன்றும் குறிப்பேட்டில் இருக்கின்றன: நாள், பெட்டி எண், 'இறந்து கிடந்தது'. எவரும் பார்க்காத நேரத்தில் அவற்றைத் தூர எறிந்திருக்கலாம். அவர் ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றிக்கொண்டு வந்து தேன்மொழியின் கையில் கொடுத்தார்.

இவற்றையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம், பிப்ரவரி மாதக் கடைசியில் நடந்த ஒன்று.

ஆய்வின் முடிவுகளை ஊர்க்காரர்களுக்குப் படித்துக் காட்டுவதற்காகத் தேன்மொழி தமிழில் நான்கு பக்கச் சுருக்கம் ஒன்றை எழுதி, பிழை திருத்துவதற்கு என்னிடம் தந்திருந்தார். ஒரு பிற்பகல், கழுவித் துடைத்த பெட்டிகளை நான்கு சாக்குகளில் கட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கோமதித்தாய் வந்தார். தேன்மொழி கடைத்தெருவுக்குப் போயிருந்தார். மேசைமேல் இருந்த தாள்களைப் பார்த்ததும், என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் சார், கேட்போம் என்றார்.

படித்தேன். வாடிக்கையைப் பற்றிய வரியில் சிரித்தார். வயிற்று நிறத்தைப் பற்றிய பத்தியில் தலையாட்டினார். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: பெட்டி முறை மாதத்திற்கு ஓர் இரவு முற்றிலும் பொய்த்துப்போகிறது. அந்த இரவுகளில் நாற்பது பெட்டிகளிலும் ஒன்றுகூட அகப்படவில்லை; அதே இரவுகளில் அதே நிலத்தில் கேமராக்கள் பல விலங்குகளைப் பதிவு செய்தன. காற்றோடும் மழையோடும் இது பொருந்தவில்லை; நிலவொளியும் காரணமில்லை, அதே அளவு நிலவுள்ள வேறு இரவுகளில் பெட்டிகளில் விலங்குகள் அகப்பட்டன. காரணம் அறிய முடியாத இத்தகைய முறையை நம்ப முடியாது என்பதால், வரும் அக்டோபர் முதல் கேமராக்களை மட்டும் பயன்படுத்தலாம்.

அக்டோபரில் பெட்டி இல்லை என்றால் தமக்கு வேலை இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. அந்த ஐந்து நாட்கள் எவை என்று கேட்டார்.

"அக்டோபர் 10," என்று தொடங்கினேன். நவம்பர் 8, டிசம்பர் 7, ஜனவரி 6. நான் அடுத்த தேதிக்குக் கண்ணைக் கொண்டுபோவதற்குள், "பிப்ரவரி அஞ்சு," என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அம்புட்டும் சங்கடஹர சதுர்த்தி சார். அன்னைக்கு நான் பெட்டியத் தெறக்கலை."

பதினோர் ஆண்டுகளாக அவர் அந்த விரதம் இருக்கிறார். எதற்காக வேண்டிக்கொண்டார் என்று கேட்டதற்கு, "அது மறந்துபோச்சு. வெரதம் மட்டும் நின்னுபோச்சு," என்றார். சதுர்த்தி மாலையில் நிலத்துக்குப் போவார். எட்டுக் கேமராக்களுக்கும் உருண்டை கொடுப்பார். தம்முடைய நாற்பது பெட்டிகளையும் வரிசை பிசகாமல் வைப்பார். கதவுகளை மட்டும் மூடியே விட்டுவிட்டு, பேருந்தேறி வந்து, தெருமுனைப் பிள்ளையாருக்கு விளக்கேற்றுவார். விடிந்ததும் போய்க் குறிப்பேட்டில் சுழியம் போடுவார். தேன்மொழி கைபேசி நாட்காட்டியில் நிலவின் அளவைப் பார்த்தார். காற்றின் வேகத்தைப் பார்த்தார். இந்த ஊரில் எந்த வீட்டுச் சுவரிலும் தொங்கும் தாள் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. அதில் அந்த ஐந்து நாட்களிலும் சிறிய பிள்ளையார் படம் இருந்திருக்கும். என் வீட்டுச் சுவரிலும் ஒன்று தொங்குகிறது. தாள்களை இரண்டு நாட்கள் வைத்துக்கொண்டு காற்புள்ளி திருத்திய நானும் அதைப் பார்க்கவில்லை.

தேன்மொழி வந்தார். கோமதித்தாய் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் நான் ஒரு சொல் துணைக்குச் சொல்ல முயன்றபோது, நீங்கள் இருங்கள் சார் என்று கையமர்த்திவிட்டார்.

தேன்மொழி முதலில் கேட்டது, ஏன் எல்லாப் பெட்டிகளையும் மூடினீர்கள் என்பது.

"அவரு வண்டியில்லா மேடம். அன்னைக்கு ஒரு நாளு அவருக்குன்னு வெளக்கேத்திட்டு, இங்கன அவரு வண்டியப் பூட்டிவைக்க முடியுமா? அந்த வண்டி எலியா மூஞ்சூறான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. எனக்குத் தெரியாது. அதான் எல்லாத்தையும் விட்டுட்டேன்."

தேன்மொழிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. மடிக்கணினியைத் திறந்து, ஐந்து மாதங்களின் வரைபடத்தை அவர் பக்கமாகத் திருப்பினார். ஐந்து இடங்களில் கோடு அடிமட்டத்தைத் தொட்டு எழுந்தது. அந்த ஐந்து பள்ளங்களுக்குக் காரணம் தேடி மூன்று வாரங்கள் உறங்கவில்லை என்று மெல்லிய குரலில் சொன்னார்.

"அக்கா, நீங்க சுழியம் போட்டா எனக்கு என்ன அர்த்தம் தெரியுமா? நாப்பது கதவும் தெறந்திருந்துச்சு, ஒண்ணுகூட உள்ள வரலைன்னு அர்த்தம்."

"ஒண்ணும் வரலதான மேடம்?"

"கதவு மூடியிருந்தா எப்படிக்கா வரும்?"

கோமதித்தாய் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பூச்சந்தையில் பதினான்கு ஆண்டுகளில் ஒரு நாளும் தராசுத் தட்டின் அடியில் விரலை வைக்காதவர் என்று அவரைப் பற்றி அங்கே சொல்லுவார்கள். எனக்கு அது நினைவு வந்தது. செத்த மூஞ்சூறை மறைக்காதவருக்கு, மூடிய கதவை எழுதாமல் விட்டது மறைப்பாகவே தோன்றியிருக்கவில்லை.

"அப்ப நான் எழுதினது பொய்யி," என்றார் கடைசியில்.

தேன்மொழி அதை மறுக்கவில்லை. வேறு எந்த நாளிலாவது கதவு மூடியிருந்ததா என்று கேட்டார். இல்லை என்றார் கோமதித்தாய். அதை எப்படி நம்புவது என்று தேன்மொழி கேட்கவில்லை. பிறகு கோமதித்தாய் தம் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். அழிக்கக்கூடாது, தவறானதன்மேல் ஒற்றைக் கோடு மட்டும் போட வேண்டும் என்பது முதல் நாளே கற்றுக்கொடுக்கப்பட்ட விதி. ஐந்து பக்கங்களையும் தேடி எடுத்து, ஐந்து சுழியங்களின்மேலும் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் 'திறக்கவில்லை' என்று எழுதினார். அதற்கு நீல மைப் பேனாவை எடுத்தார்.

அன்று மாலையே தேன்மொழி அந்த ஐந்து இரவுகளையும் நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி போட்டார். நாற்பத்தைந்து இரவுகளில் பெட்டிகள் ஒரு முறைகூட முற்றிலும் பொய்க்கவில்லை. முள்ளெலிக்குக் கேமரா வேண்டும். சுண்டெலிகளை வகை பிரிக்கவும் தலையெண்ணவும் பெட்டி வேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விலக்க முடியாது என்று முடிவு மாறியது. மாரிராஜிடம் சொன்னபோது, போட்டி சமமாக முடிந்ததில் அவருக்கு மனத்தாங்கல். எக்கா விரதமிருந்து ஜெயித்துவிட்டார்கள் என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

ஆனால் தேன்மொழியின் பேராசிரியர் சிரிக்கிறவர் அல்லர். மறுநாள் தொலைபேசியில் நெடுநேரம் பேசினார். அக்டோபரில் பெட்டிகளை வைக்கலாம்; எல்லா இரவுகளிலும் ஒரே ஆள்தான் வைக்க வேண்டும், கை மாறினால் ஒப்பீடு கெடும்; திறக்காத பெட்டிக்குச் சுழியம் போட்ட அதே ஆளை மறுபடி வைப்பதாக இருந்தால், பத்து இரவும் பெட்டிகள் திறந்திருக்கும் என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொள்ள வேண்டும்; இல்லையேல் வேறு ஆளைப் பார்க்க வேண்டும். தேன்மொழி இதை என்னிடம் சொன்னபோது, அவரே ஏதோ தவறு செய்துவிட்டவர்போல இருந்தார்.

சனிக்கிழமை கோமதித்தாயை வரச் சொல்லியிருந்தார். அவர் வந்ததும் பேராசிரியர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். சதுர்த்தியைத் தவிர்த்து நாள் குறிக்க முடியாது, பத்து இரவுகளுக்குள் அது விழக்கூடும் என்பதையும் சொன்னார். கோமதித்தாய் குறுக்கிடாமல் கேட்டார். பூச்சந்தையில் அவருடைய பழைய இடத்தில் இப்போது வேறொரு பெண் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஒரு தலையசைப்பு போதுமானது. அதற்குமேல் எவரும் அவரைக் கேட்கப்போவதில்லை.

"அக்டோபர்ல இருந்து சதுர்த்தி அன்னைக்கு நாப்பதையும் தெறந்து வைப்பீங்களாக்கா?" என்று கேட்டார் தேன்மொழி.

"மாட்டேன் மேடம். தெறக்கலைன்னு எழுதுவேன்."